உயரமும் குறையாது, கேக்கும் உடையாது

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதும் மடல். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் உடலில் நோயும் மனத்தில் கவலையும் இன்றி வாழ்வீர்களாக. இவ்விடம் நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். என் இடுப்பும் மேல்வரிசைப் பல்செட்டும் மட்டும் இந்தச் சௌக்கியத்தில் சேர்த்தி இல்லை. அதற்கான காரணம் தங்களுக்கே தெரியும், ஏனென்றால் அந்தக் காரணத்தைச் சாவியோடு என் கையில் கொடுத்தவரே நீங்கள்தான்.

அன்றைக்குத் தொலைபேசியில் என்ன சொன்னீர்கள்? "அத்தான், அந்தப் பிக்கப் வண்டியை நானே திருப்பி எடுத்துக்கறேன், உங்க வயசுக்கு அது சரிப்படாது" என்றீர்கள். அதற்குச் சுடச்சுடப் பதில் வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவும் தம்பியும் அப்படி என்னதான் குசுகுசுவென்று பேசினீர்களோ, எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆகையால் என் பதிலை எழுத்தில் தருகிறேன். வண்டி திரும்பி வராது. அதன் உயரமும் ஒரு விரற்கடை கூடக் குறையாது. இது என் முடிவு. இந்த முடிவு சரியானதுதான் என்பதற்கு இப்போது என்னிடம் ஆதாரமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு ஏன் இந்த உயரத்தின் மேல் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் ஆறடி வளர்ந்தவர், உங்களுக்குப் புரியாது. நான் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு, படிப்பினால் அல்ல. ஆபீஸ் குரூப் போட்டோவில் முதல் வரிசை, பதவியினால் அல்ல. எடை அளவு ஆய்வாளர் என்று சட்டைப்பையில் அடையாள அட்டையைக் குத்திக்கொண்டு கடை கடையாகப் போனபோதெல்லாம், கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் குனிந்து பார்த்து, "யாரு வேணும்?" என்றுதான் கேட்டிருக்கிறான். படிக்கல்லைப் புரட்டி முத்திரை இல்லை என்று நான் காட்டிய பிறகுதான் "சார்" வரும். அப்படிப்பட்டவனுக்கு நீங்கள் ஓய்வுபெற்ற பரிசு என்று சொல்லி, முன் ஸ்பிரிங்குக்கு மேல் இரும்பு வளையம் ஏற்றி, பின்னால் வில் மாதிரி வளைந்த கமான் பட்டைகளுக்கு அடியில் கட்டை கொடுத்து, என் இடுப்பு உயரத்துக்கு டயரும் மாட்டிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். ஏறுவதற்கு ஸ்டூல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏறி உட்கார்ந்துவிட்டால் பஸ் டிரைவரும் நானும் கண்ணுக்குக் கண் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிறோம் மாப்பிள்ளை. என் ஆயுளில் யாரும் எனக்கு அப்படித் தலையாட்டியதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த வண்டியால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஓய்வுபெற்ற புதிதில் நான் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை உங்கள் அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். உப்பு டப்பாவை எடை போட்டேன். பால்காரரின் அளவுக் குவளையை வாங்கிச் சோதித்தேன், அவர் மூன்று நாள் இந்தப் பக்கம் வரவில்லை. உங்கள் அக்கா பின்கட்டில் மின்சார அடுப்பு வைத்துக் கேக் செய்து விற்கிறாளே, அந்தத் தராசையும் சோதித்து, கடுகளவு பிசகு இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினேன். அதோடு பின்கட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் கூடத்திலேயே உலாத்துவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும். அந்த நேரத்தில்தான் உங்கள் வண்டி வந்தது, உங்கள் அக்காவும் போனால் போகிறதென்று, "கேக்கை எல்லாம் நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்று எனக்கு நியமனம் கொடுத்தாள். தினமும் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, "முதலாளியம்மா, புறப்படலாமா?" என்று கேட்பேன். அவளும் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு, "ம், புறப்படுங்க" என்பாள்.

அந்த வேலை ஒரு கல்யாண கேக்கோடு போயிற்று. மூன்றடுக்கு, வெள்ளைப் பூச்சு, மேலே சர்க்கரையில் செய்த ரோஜா. வழியில் ஒரே ஒரு வேகத்தடை. ஏறினேன், இறங்கினேன், அவ்வளவுதான். மண்டபத்து வாசலில் பெட்டியைத் திறந்தால் மூன்றடுக்கும் ஒற்றுமையாக ஓரடுக்காகிப் படுத்திருக்கிறது. மணப்பெண் அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ புது மாடல் போலிருக்கிறது என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சுற்றி வந்து பார்த்தார்கள், அதுவும் கொஞ்ச நேரம்தான். உங்கள் அக்கா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. "விடுங்க, வயசாயிடுச்சு, நீங்க வீட்லயே இருங்க" என்றாள். மறுநாள் ஒரு வேன்காரப் பையனை ஏற்பாடு செய்துவிட்டாள். அவன் விசிலடித்துக்கொண்டே வந்து, கேக்கை எடுத்துக்கொண்டு, விசிலடித்துக்கொண்டே போகிறான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே தீர்மானம் பண்ணினேன் மாப்பிள்ளை. மண்டபக்காரர் தம்பதியின் ஐம்பதாம் கல்யாண நாள் விழாவுக்கு நான்கடுக்கு கேக் ஆர்டர் வந்திருந்தது, உங்கள் அக்காவுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிசு. அந்தக் கேக்கை இந்த வண்டியில், இதே உயரத்தில், நான்தான் கொண்டுபோவேன் என்று.

முதலில் அளவு. அளக்காமல் எதையும் திருத்த முடியாது. என் பழைய முத்திரை போட்ட அளவுக் குவளையைத் தேடி எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, வண்டியின் பின்தட்டில் வைத்து, தெருமுனை வரை போய்த் திரும்பினேன். குவளை இருந்தது. தண்ணீர் இல்லை. சரி என்று விருந்தாளிகளுக்காக வைத்திருக்கும் நுரை மெத்தையைப் பின்தட்டில் விரித்து அதன்மேல் வைத்தேன். இந்தத் தடவை தண்ணீரும் இல்லை, குவளையும் இல்லை. மெத்தை அதைத் தூக்கி எறிந்ததில் அது சைக்கிளில் போன ஒருவரின் கூடைக்குள் விழுந்து, அவர் என்னைத் துரத்திக்கொண்டு வந்து கொடுத்தார். மெத்தையில் கிரீஸ் பட்டுவிட்டது. உங்கள் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்கள் வந்தால் சுவர்ப் பக்கமாகப் படுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு எங்கள் பக்கத்தில் 'ஆச்சு' என்று பெயர். எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள், "ஆச்சு சார்" என்பார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "உயரத்தை ஏத்திட்டாங்க, ஷாக்கை மாத்தல. பழைய ஷாக்குக்கு நீளம் எட்டாம முழுசா இழுத்துக்கிட்டு நிக்குது. மாத்தினா ஆச்சு சார்" என்றார். கேட்டீர்களா, வண்டியை உயர்த்திய மகானுபாவரே? நீளமான ஷாக் அப்சார்பர், மிருதுவானதாகப் பார்த்து மாட்டினார். மிருதுவென்றால் அப்படியொரு மிருது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த தெரு வரைக்கும் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போகிறது. நான் ஓட்டுகிற வண்டியில் எனக்கே வாந்தி. திரும்பப் போய், "கொஞ்சம் கெட்டியா போடுங்க" என்றேன். "ஆச்சு சார்." அந்தக் கெட்டியில் வீட்டு வாசல் படிக்கட்டு ஓரத்தில் ஏறினபோது என் பல்செட்டு வாயைவிட்டுக் கிளம்பி, முன்கண்ணாடிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்துச் சிரித்தது. உங்கள் அக்கா வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை மாட்டி, தேய்ந்துபோன ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். கொஞ்சம் தேவலை. ஆனால் குவளையில் பாதித் தண்ணீர்தான் மிச்சம், பாதித் தண்ணீர் என்றால் இரண்டு அடுக்கு போச்சு என்று அர்த்தம்.

அதற்கப்புறம் எனக்கே ஒரு யோசனை வந்தது, வந்திருக்க வேண்டாம். பின்னால் கமான் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறதே, அதில் ஒன்றை உருவிவிட்டால் மிருதுவாகிவிடாதா? ஆச்சு, "வேணாம் சார்" என்றார். அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததைக் கேட்டு நான் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். இல்லை, உருவச் சொன்னேன். வண்டி பின்னால் குந்திக்கொண்டு மூக்கை வானத்துக்குத் தூக்கிவிட்டது. ரோடு தெரியவில்லை, மேகம் தெரிந்தது. சாயங்காலம் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பினால் எதிரில் வருகிறவன் எல்லாம் கண் கூசி, பதிலுக்கு என் கண்ணில் விளக்கடிக்கிறான். பட்டையைத் திரும்பச் சொருகினோம். ஆச்சு, "ஆச்சு சார்" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் போன். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றதோடு விட்டீர்களா? "அத்தான், எல்லாத்துக்கும் முன்னாடி டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க" என்று ஒரு ஆலோசனை வேறு. மாப்பிள்ளை, நான் யார்? ஆயுள் முழுக்க எண்ணுக்குக் குறைந்த எடையைப் பிடித்தவன். அந்த டயரின் விலாவில், ரப்பரிலேயே வார்த்து, காற்றழுத்தம் இத்தனை என்று ஒரு எண் இருக்கிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அச்சான எண், முத்திரைக்குச் சமம். அதற்குக் குறைவாகக் காற்று வைப்பது என்றால் ஒரு கிலோ என்று சொல்லி முக்கால் கிலோ போடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நான் அப்படிப்பட்ட கடைக்காரன் எத்தனை பேருக்குச் சீல் வைத்திருப்பேன். ஆகவே அந்த ஆலோசனையை அடியோடு நிராகரிக்கிறேன். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை, மிதி பம்பை எடுத்துக்கொண்டு போய், நான்கு டயரிலும் அந்த எண் வரும் வரை அடித்து, கருவியில் அளந்து பார்த்து, அப்புறம்தான் குளிக்கப் போவேன்.

உண்மையான தீர்வு பக்கத்து வீட்டிலேயே இருந்தது. ஆச்சு ஒருநாள் பேச்சுவாக்கில், "இது சுமை வண்டி சார், காலியா ஓட்டினா குதிக்கத்தான் செய்யும்" என்றார். சுமை வேண்டும், சரி. மணல் மூட்டை ஏற்றலாம் என்றால் தூசு பறக்கும், கேக்குக்கு ஆகாது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவரை நாங்கள் பீரோ அண்ணன் என்போம். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் அது அப்புறம் அவருடைய நாற்காலிதான், வேறு யாருக்கும் அது பொருந்தாது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர், "என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றார். "அண்ணே, உங்க எடை என்ன?" என்றேன். "அதெல்லாம் எதுக்குய்யா, வெட்டின கேக் ஓரம் ஏதாவது கிடைக்குமா சொல்லு, வரேன்" என்றார். பின்தட்டில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், குறியிட்டு உட்கார வைத்தேன். கேக் இருக்க வேண்டிய இடத்தில் குவளை. பள்ளம் வந்தால் அவர் கையால் தட்ட வேண்டும், தட்டினால் நான் மெதுவாக்க வேண்டும், இது எங்கள் ஏற்பாடு. உங்கள் அக்கா வாசலில் கைகட்டி நின்றாள். "போய்ட்டு வாங்க, பாக்கலாம்" என்றாள். தெருமுனை, சந்தைத் தெரு, அந்தப் பழைய வேகத்தடை, எல்லாம் போய்த் திரும்பினேன். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன்.

குவளையில் ஒரு சொட்டுக் குறையவில்லை மாப்பிள்ளை. ஒரு சொட்டு.

விளிம்பில் தண்ணீர் அப்படியே கண்ணாடி மாதிரி நிற்கிறது. பீரோ அண்ணன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், அதில் வண்டியே ஒரு தடவை ஆடி நின்றது. ஆக, ஷாக், புஷ், பீரோ அண்ணன், இந்த மூன்றும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் உயர்த்திய வண்டியும் மெத்தென்று போகும் என்பது என் கண்டுபிடிப்பு. இதில் காற்றைக் குறைக்கிற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

விழா நாளும் வந்தது. அன்று காலையிலும் எண் தவறாமல் காற்றடித்தேன், குளித்தேன், புதுச் சட்டை போட்டேன். நான்கடுக்கு கேக். உங்கள் அக்கா ராத்திரி பகல் பார்க்காமல் செய்தது, பக்கவாட்டில் ஐம்பது சர்க்கரைப் பூ. வேன்காரப் பையன் விசிலோடு வந்து நின்றான். உங்கள் அக்கா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள். "தம்பி, இன்னைக்கு நீ போ, அவர் கொண்டுபோறார்" என்றாள். எனக்குக் காலே தரையில் இல்லை, ஸ்டூல் இல்லாமலே ஏறிவிட்டேன் என்றால் நம்புவீர்களா. பீரோ அண்ணன் பின்னால், உங்கள் அக்கா என் பக்கத்தில், இந்த வண்டியில் முதல் தடவையாக. போகிற வழியெல்லாம் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்றாள். மண்டபத்தில் பெட்டியைத் திறந்தோம். நான்கடுக்கும் நிமிர்ந்து நின்றது. ஐம்பது பூவும் இருந்த இடத்திலேயே இருந்தது, நானே எண்ணினேன். மண்டபக்காரரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு கொண்டுவந்தது?" என்று கேட்டபோது உங்கள் அக்கா, "எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் நாலு பல்செட்டைக் கூட இழப்பேன். வேன்காரப் பையனுக்கு மறுநாளே கணக்கு முடித்தாயிற்று. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

ஒரே ஒரு குறை. இந்தச் சாதனைக்குப் பிறகும் இந்த டயர்கள் மட்டும் என்னைப் படுத்துகின்றன. நான் காலையில் அளந்து அடிக்கிற காற்று மறுநாள் காலையில் பார்த்தால் இல்லை. ஒரு டயரில் இல்லாவிட்டால் ஆணி என்பேன். நான்கிலும், சொல்லி வைத்தாற்போல் ஒரே அளவு குறைகிறது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள், ஒரு குமிழி இல்லை. யாரோ விஷமிகள் வால்வைத் திறந்துவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம், அந்த விசில்காரன் மேலும் எனக்கு ஒரு கண் இருக்கிறது. ஆகையால் உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். வால்வுக்குப் பூட்டுப் போட்ட மூடி வருகிறதாமே, சாவி இல்லாமல் திறக்க முடியாதாம், அதில் நான்கு வாங்கி உடனே அனுப்பவும். அந்தச் சாவியை என் அரைஞாணிலேயே கட்டிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எண்ணுக்கு ஒரு மயிரிழை குறையாமல் காற்று நிற்கும், வண்டி இன்னும் மெத்தென்று போகும். அதோடு பின் கட்டையை இன்னும் இரண்டு விரல் உயர்த்தலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. லாரிக்காரர்கள் மட்டும் இன்னும் என்னைக் குனிந்து பார்க்கிறார்கள்.

தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கள் மனைவிக்கு என் அன்பான விசாரிப்புகள். நீங்கள் நீண்ட ஆயுளும், நல்ல முதுகெலும்பும், மூத்தவர் சொல்லைக் கேட்கும் குணமும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு), கேக் விநியோகம் (பணியில்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் உங்கள் அக்காவிடம் கொடுக்கிறேன், அவள் விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பாள். அவளுக்கும் ஏதாவது எழுத வேண்டுமென்றால் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

தம்பி, அக்கா எழுதறேன். எல்லாம் படிச்சேன். அந்தப் பூட்டு மூடியை மட்டும் வாங்கி அனுப்பிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும். கடையில கிடைக்கலன்னு சொல்லிடு. அன்னைக்கு நீ போன்ல சொன்னியே, டயர்ல அச்சாயிருக்கிறது அதுக்குமேல போகக்கூடாதுங்கிற அளவு, அவ்வளவு அடைச்சா கல்லு மாதிரிதான் குதிக்கும்னு, அது நூத்துக்கு நூறு சரி. அவர்கிட்ட சொல்லிப் பார்த்தேன், முத்திரை அது இதுன்னு எனக்கே நோட்டீஸ் குடுக்க வந்துட்டார். அதான் மறுநாள்லேர்ந்து அவர் காத்தடிச்சுட்டு உள்ள போனதும், கேக் மேல கிரீம் பிழியற குழாய் மூக்கோட நுனியால வால்வை அமுக்கி, நீ சொன்ன அளவு வரைக்கும் நாலுலயும் இறக்கிடறேன். அவரோட கருவியாலேயே அளந்துதான் இறக்கறேன், அதுல ஒரு பிசகும் இல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் சுவருக்கு மேல பார்த்துட்டார். கேக் ஓரம் கிடைக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். அந்த அண்ணன் ஏறாம ஒருநாள் நானே ஓட்டிப் பார்த்தேன், அப்பவும் குவளை சிந்தல.

உண்மையைச் சொல்லிடேன்னு நீ கேப்பே. அந்த வேன்காரப் பையன் வந்துட்டிருந்த நாள்ல இவர் தினமும் இஸ்திரி போட்ட சட்டையோட ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தார்டா. என்னால அதைப் பார்க்க முடியல. அந்தப் பையன் நல்லவன்தான், கேக்கும் உடையல. ஆனா எனக்குத்தான் காலையில யாரும் "முதலாளியம்மா, புறப்படலாமா?"ன்னு கேக்காம என்னவோ மாதிரி இருந்துச்சு. மெத்தையில கிரீஸ் பட்டதும் எனக்குத் தெரியும். நீ வந்தா கட்டில்லயே படுத்துக்கோ.

மீதி அப்புறம் எழுதறேன். பம்பு சத்தம் நின்னுடுச்சு, குளிக்கப் போயிட்டார். நான் வண்டிகிட்ட போகணும்.